வேலை செய்யாத கல்பட்டைகள்

பெங்களூரின் பிரேசர் டவுனில் மாஸ்க் ரோடு, கோல்ஸ் ரோடு, அவற்றை ஒட்டிய குறுக்குத் தெருக்கள் என்று எங்கும் பழைய ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து, அந்த மனைகளில் மூன்று நான்கு மாடிக் குடியிருப்புகள் எழுந்துகொண்டிருக்கின்றன. இந்தப் புதிய கட்டடங்களுக்கு ‘எலிவேஷன்’ என்று தனியாக ஒரு செலவுக் கணக்கு உண்டு. முகப்பு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தளத்துக்குத் தளம் கறுப்பு கிரானைட்டையோ, கல்லைப் போலத் தோன்றும் டைல்ஸையோ குறுக்குப் பட்டையாக ஒட்டுகிறார்கள். பட்டை ஒரு விரல் கனத்துக்கு மேல் இருப்பது அபூர்வம். தெருவைப் பார்த்த சுவரில் மட்டும் ஓடும். மூலை திரும்பியதும் நின்றுவிடும். பக்கச் சுவர்களும் பின்சுவரும் வெறும் பூச்சுதான். பழைய கட்டடங்களிலும் கல்பட்டைகள் குறுக்கே ஓடின என்பதால், இவை அந்த மரபின் வாரிசுகள் என்று எண்ணத் தோன்றும். என் வாதம் அதற்கு எதிரானது. பழைய பட்டை கட்டடத்துக்காக உழைத்தது. அழகு அந்த உழைப்பின் உபரியாகக் கிடைத்தது. புதியது உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேலையைக் கைகழுவிவிட்டது. இதில் நட்டம் ரசனைக்கு மட்டும் என்றால் நாளிதழில் எழுத வேண்டியதில்லை. சுவருக்கும் சுகாதாரத்துக்கும் நட்டம் இருக்கிறது.

பழைய கல்பட்டை என்ன செய்தது என்பதை மழையிலிருந்து தொடங்கலாம். சுவரில் விழும் மழைநீர் அதிலேயே ஒட்டிக்கொண்டு கீழே வழியும். மேலிருந்து வழியும் நீர் வழியில் மேலும் மேலும் சேர்ந்து, சுவரின் கீழ்ப்பகுதிக்கு வரும்போது மேல்பகுதி வாங்கியதைவிடப் பல மடங்காகிவிடும். ஜன்னல் ஓரங்களிலும் பூச்சின் மயிரிழை வெடிப்புகளிலும் அது உள்ளே இறங்கும். சுவரைச் சுற்றிச் சில அங்குலம் வெளியே நீட்டிய ஒரு கல்வரி இருந்தால் இந்த ஓட்டம் அங்கே அறுபடும். ஆனால் நீட்டினால் மட்டும் போதாது. கல்லின் மேல்முகம் வெளிப்பக்கமாகச் சற்றே சரிந்திருக்க வேண்டும். அடிமுகத்தில், விளிம்பை ஒட்டி, ஒரு சிறு காடி ஓட வேண்டும். நீர் கல்லின் அடிப்பக்கமாகவே ஊர்ந்து மறுபடி சுவரைத் தொட முயலும். அந்தக் காடியில் வந்ததும் அதைக் கடக்க முடியாமல் சொட்டாக விழுந்துவிடும். சரிவு, நீட்டல், காடி ஆகிய மூன்றும் இருந்தால்தான் அது வேலை செய்யும் பட்டை. இரண்டு பருவமழையின் பங்கையும் வாங்கி, ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக மழை பெறும் பெங்களூரில் இது சின்ன விஷயம் இல்லை. சுவரோடு சுவராக ஒட்டிய கிரானைட் பட்டையிலோ இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. அதற்கு மேல் ஒரு தொல்லையும் உண்டு: பட்டையின் மேல்விளிம்பில் பசை விட்ட இடைவெளி வழியாக நீர் கல்லுக்குப் பின்னால் போய்த் தங்குகிறது. உள்சுவரில் பெயின்ட் கொப்புளிக்கும்போது வீட்டுக்காரர் பெயின்ட் கம்பெனியைத் திட்டுகிறார்.

பட்டையின் இரண்டாவது வேலை கொத்தனாருக்கானது. ஒழுங்கற்ற கருங்கற்களை அடுக்கிக் கட்டும் சுவர் மேலே போகப் போக மட்டம் தவறும். சில அடிக்கு ஒருமுறை செதுக்கிய நீளக் கற்களை வரிசையாக வைத்து மட்டத்தை மீட்டுக்கொள்வது பழைய முறை. கல் சுலபமாகக் கிடைத்த ஊர் பெங்களூர். அடித்தளத்துக்குச் ‘சைஸ் கல்’, தளத்துக்கும் வேலிக்கும் பலகையாகப் பிளந்த கல், முகப்புக்குச் சாதரஹள்ளிக் கல் என்று நகரமே கிரானைட்டின் மேல் எழுந்தது. பிரேசர் டவுனை ஒட்டி, கோல்ஸ் ரோட்டில், 1932-ல் கட்டி முடிக்கப்பட்ட புனித பிரான்சிஸ் சவேரியார் பேராலயம் சாம்பல் நிறக் கருங்கல் கட்டுமானம். கல்லை நம்பிக் கட்டும் இத்தகைய பெரிய சுவரில் மட்ட வரி தப்பினால் அதற்கு மேல் வரும் அத்தனையும் கோணலாகும்.

மூன்றாவது வேலைதான் பிரேசர் டவுனுக்கு மிக நெருக்கமானது. இந்தப் பேட்டை பிறந்ததே எலிக்குப் பயந்து. 1898-ல் பெங்களூரில் பிளேக் பரவியது. கன்டோன்மென்ட்டின் நெரிசல் மிகுந்த பகுதிகளில் அது கொடூரமாக ஆடியது. அந்த நெரிசலைக் கலைக்கத் திட்டமிட்ட புறநகர், மைசூர் ரெசிடென்ட்டாக இருந்த ஸ்டூவர்ட் மிட்ஃபோர்ட் ஃப்ரேசரின் பெயரால் 1910-ல் உருவானது. இதன் வடிவமைப்போடு இணைந்த பெயர் ஜே. ஹெச். ஸ்டீஃபன்ஸ். பெங்களூரில் பிளேக் தடுப்பு நகரமைப்பைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1914-ல் சென்னையில் அச்சாயிற்று. ஸ்டீஃபன்ஸ் ரோடு இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது. காலப் பொருத்தத்தையும் கவனிக்க வேண்டும். பிளேக் கிருமியை 1894-ல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் யெர்சின் அடையாளம் கண்டார். எலியிலிருந்து மனிதனுக்கு அதைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்று 1898-ல் பால் லூயி சிமோன் காட்டினார். அவரை உடனே யாரும் நம்பவில்லை. அடுத்த பத்தாண்டில் பம்பாயில் நடந்த ஆராய்ச்சிகள்தான் அதை ஐயமின்றி நிறுவின. அதுவரை கெட்ட காற்று, கெட்ட மண் என்று பேசிக்கொண்டிருந்த நகராட்சிகளுக்கு அப்போதுதான் எதிரி யார் என்று திட்டமாகத் தெரிந்தது. தெரிந்த கையோடு ஒரு பேட்டையை வரைந்தார்கள். அகலத் தெருக்கள், வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைவெளி, வெளிச்சம், காற்று, சாக்கடை, எலி வளை தோண்ட முடியாத கெட்டியான கட்டுமானம் ஆகியவை அந்த வரைபடத்தின் சாரம்.

எலியைத் தடுக்கக் கட்டுபவருக்கு வீட்டின் அடித்தளம்தான் போர்முனை. எலி சொரசொரப்பான சுவரில் நேராக ஏறிவிடும். தலைக்கு மேல் பலகைபோல நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பைத் தொங்கியபடி சுற்றிக் கடப்பது அதற்குக் கடினம். தானியக் கிடங்கு கட்டுவோர் உலகெங்கும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் பழைய களஞ்சியங்கள் குடைக்காளான் வடிவக் கற்களின் மேல் நின்றன. காலின் மேல் கவிழ்ந்த தட்டைக் கல் எலிக்குத் தடை. நம் நாட்டுக் கிடங்குகளிலும் அடித்தளத்தை உயர்த்தி, அதன் மேல்விளிம்பை வெளியே நீட்டிவிடுவது வழக்கமான அறிவுரை. வீட்டின் கல் அடித்தளம் முடிந்து சுவர் தொடங்கும் இடத்தில், கட்டடத்தை முழுவதுமாகச் சுற்றிவரும் நீட்டிய கல்வரியை இந்தக் கண்ணோடு பார்த்தால் அது அழகுக் கோடாக மட்டும் தெரியாது. மூலையில் நின்றுபோகும் பட்டை எதற்கு உதவாது என்பதும் விளங்கும். எலி தெருப்பக்கமாகத்தான் வரும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பிளேக் போய்விட்டதே என்று கேட்கலாம். 1994-ல் சூரத் ஊரைக் காலிசெய்து ஓடியது மறந்துபோகும் அளவுக்குப் பழைய கதை இல்லை. பிளேக்கை விட்டுவிட்டாலும், மழைக்காலம்தோறும் எலிச் சிறுநீர் கலந்த நீரால் வரும் எலிக்காய்ச்சல் நம் நகரங்களில் இருக்கத்தான் இருக்கிறது. உணவுக் கடைகள் நெருங்கிய மாஸ்க் ரோட்டைப் போன்ற தெருவில் எலிக்குப் பஞ்சம் வராது. ரம்ஜான் மாத இரவுகளில் அந்தச் சாலை எவ்வளவு பெரிய சாப்பாட்டுக் கூடமாகும் என்பது பெங்களூர்க்காரர்கள் அறிந்ததே. அந்த உற்சாகத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. அதன் மறுநாள் காலையைக் கட்டடம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

இங்கே ஒரு குறுக்கீடு: அடித்தளத்தைத் தோற்கடிப்பது வீட்டுக்காரர் மட்டும் இல்லை, சாலையும்தான். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய அடுக்கைப் போட்டுக்கொண்டு போகும் பழக்கத்தால் நம் நகரங்களில் தெரு உயர, வீடு தாழ்கிறது. முழங்கால் உயரத்தில் இருந்த கல்பட்டை கணுக்கால் உயரத்துக்கு வந்துவிடும். பிறகு நடைபாதைக்குள் புதையும். அதன்பின் அந்தக் கல் மழைநீரைச் சுவரிலிருந்து தள்ளிவிடுவதற்குப் பதிலாகத் தெருநீரை வீட்டுக்குள் அழைக்கும் படியாகிறது. தமிழ்நாட்டில் 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்து அதே மட்டத்தில்தான் புதிய சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். அதைச் சாலைத் துறையின் சிக்கன நடவடிக்கை என்று சிலர் நினைத்தார்கள். உண்மையில் அது லட்சக்கணக்கான வீடுகளின் அடித்தளத்தைக் காப்பாற்றும் உத்தரவு.

குறுக்குப் பட்டை பெங்களூரின் கண்டுபிடிப்போ ஆங்கிலேயரின் இறக்குமதியோ இல்லை. தமிழ்க் கோயிலின் அடித்தளம் முழுவதுமே பட்டைகளின் அடுக்குதான்: ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் அந்தப் பட்டைகளைத் தன் ஆவணக் காப்பகமாகவே ஆக்கினான். தானங்கள், ஊர்கள், தளிச்சேரிப் பெண்டுகள் எல்லாம் கட்டடத்தைச் சுற்றிவரும் கல்வரிகளில் எழுத்தாக ஓடுகின்றன. ஆவுடையார்கோயிலின் கொடுங்கையைப் பார்க்க வருபவர்கள் கருங்கல்லை மரச்சட்டம்போல இழைத்த சிற்பியின் கையைப் பார்த்து வியக்கிறார்கள். அந்தக் கொடுங்கை அத்தனை அலங்காரத்தோடும் மழைநீரைச் சுவருக்கு வெளியே இறக்கிக்கொண்டிருக்கிறது என்பது பேச்சில் வருவதில்லை. கடல் கடந்தால், 5-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளைச் சுற்றி எழுந்த மதிலில் வெள்ளைக் கல்லுக்கு நடுவே சிவப்புச் செங்கல் பட்டைகள் ஓடுகின்றன. தூரத்திலிருந்து அது வண்ண அலங்காரம். அந்தச் செங்கல் வரிகள் மதிலின் முழுத் தடிமனிலும் ஊடுருவி, முன்முகத்தையும் பின்முகத்தையும் உள்நிரப்பையும் சேர்த்துக் கட்டுகின்றன. இமாச்சலத்தின் மலைவீடுகளில் கல்லுக்கு இடையே கிடைமட்டமாக மரச்சட்டங்கள் வைப்பதும் இதே கட்டுதலுக்காக. 1993 செப்டம்பரில் லாத்தூரில் ஆயிரக்கணக்கானோர் இறந்தது, மண் சாந்தில் கட்டிய தடித்த கல்சுவர்கள் உள்ளும் புறமுமாகப் பிளந்து சரிந்ததால். நிலநடுக்கத்தைத் தாங்கும் வீடுகளுக்கான இந்தியத் தர விதி இன்று அடித்தள மட்டத்திலும், கதவு ஜன்னலுக்கு மேலும், கூரை மட்டத்திலும் கட்டடத்தைச் சுற்றித் தொடர்ச்சியான பட்டை கேட்கிறது. இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வெறும் கல்வரி இழுவிசையைத் தாங்காது. விதி கேட்பது கம்பி போட்ட கான்கிரீட் பட்டை. பெங்களூரும் அதிர்வு அபாயம் குறைந்த பகுதி. ஆகவே பழைய கல்பட்டை நிலநடுக்கத்திலிருந்து காப்பாற்றும் என்று கிளம்ப மாட்டேன். நான் காட்ட விரும்புவது, பட்டை என்றால் சுற்றிவந்து தன்னையே தொட வேண்டும் என்ற அறிவு எத்தனை இடங்களில் தனித்தனியே பிறந்திருக்கிறது என்பதை.

இதற்கு எதிராக நவீனக் கட்டடக் கலைஞர் ஒருவர் சொல்லக்கூடியது எனக்குத் தெரியும். பட்டைகளும் கார்னிஸ்களும் பழைய உலகத்தின் சுமை. தட்டையான தூய சுவரே நம் காலத்துக்கு நேர்மையானது என்பார். பிரேசர் டவுன் உருவான அதே 1910-ல் வியன்னாவில் அடால்ஃப் லோஸ் அலங்காரத்தைக் குற்றம் என்று சாடி உரையாற்றினார். அதன் எதிரொலி நம் கட்டடக் கலைக் கல்லூரிகளில் இன்னும் ஓயவில்லை. ஆனால் லோஸின் கோபம் எதன் மேல்? தேவையில்லாத வேலைக்காகத் தொழிலாளியின் நேரமும் பொருளும் வீணாவதன் மேல். அந்தத் தராசில் வைத்தால், நீரைத் தடுக்காத, எலியைத் தடுக்காத, சுவரைக் கட்டாத, பசையில் தொங்கும் கிரானைட் துண்டுதான் முதல் குற்றவாளி. காடி வெட்டிய கல்வரி நிரபராதியாக வெளியே வரும். கூரையே நன்றாக வெளியே நீட்டியிருந்தால் பட்டை தேவையில்லையே என்பது இதைவிட நல்ல வாதம். ஒரு மாடி வீட்டுக்கு அது சரி. ஓட்டுக் கூரையும் திண்ணையும் உள்ள வீடு சுவரை நனையவே விடாது. ஆனால் முப்பதுக்கு நாற்பது மனையில் நான்கு மாடி எழுப்பிவிட்டு, உச்சியில் உள்ள நீட்டலால் கீழ்த்தளச் சுவரைக் காப்பாற்ற முடியாது. மாடி ஏற ஏறப் பட்டையின் தேவை கூடுகிறது.

நடைமுறை ஆட்சேபங்கள் வேறு. நீட்டிய பட்டையில் புறா உட்காரும், தூசி சேரும், ஆலும் அரசும் முளைக்கும் என்கிறார்கள். உண்மை. தட்டையான மேல்முகமுள்ள பட்டையில் இவை எல்லாம் நடக்கும். அதனால்தான் பழைய கொத்தர்கள் சரிவு கொடுத்தார்கள். சரிவில் புறாவுக்குக் கால் நிற்காது, மண் தங்காமல் விதை முளைக்காது. பராமரிப்பே இல்லாத கட்டடத்தில் இதுவும் தோற்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீட்டிய கல் உடைந்து தலையில் விழும் என்ற அச்சம் இன்னும் கனமானது. 1979-ல் நியூயார்க்கில் ஒரு பழைய கட்டடத்தின் முகப்பிலிருந்து விழுந்த துண்டு ஒரு கல்லூரி மாணவியைக் கொன்றது. மறு ஆண்டே முகப்புகளைக் குறித்த காலத்தில் சோதிக்க வேண்டும் என்று அந்த நகரம் சட்டம் போட்டது. பல உரிமையாளர்கள் சோதிப்பதைவிடச் சுலபம் என்று கார்னிஸ்களைப் பெயர்த்தே எறிந்துவிட்டார்கள். அபாயத்துக்கு அது பதில் என்றால், ஒட்டிய கல்லும் விழும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். சிகாகோவின் 80 மாடிக்கு மேற்பட்ட ஸ்டாண்டர்ட் ஆயில் கட்டடத்தில் மெல்லிய கராரா சலவைக்கற்களைப் போர்த்தினார்கள். இருபது ஆண்டுக்குள் அவை வளைந்துபோய், 1990-களின் தொடக்கத்தில் மொத்தத்தையும் கழற்றி கிரானைட் போட வேண்டியதாயிற்று. சுவரின் தடிமனுக்குள் பாதிக்கு மேல் உட்கார்ந்திருக்கும் கல்லையும், வெயிலிலும் மழையிலும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்கும் இரண்டு பரப்புகளுக்கு நடுவே பசையை நம்பி நிற்கும் கல்லையும் ஒரே அபாயமாகக் கணக்கிடுவது சரியில்லை.

செலவு என்பார்கள். கல் செதுக்க ஆள் இல்லை என்பார்கள். கல்லே வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. தளக் கான்கிரீட் போடும்போதே அதை மூன்று நான்கு அங்குலம் வெளியே நீட்டி, பலகை அடைப்பின் அடியில் ஒரு சிறு குச்சியை வைத்து வார்த்தால் காடி தானாக வந்துவிடும். சன்ஷேட் வார்க்கத் தெரிந்த எந்த மேஸ்திரிக்கும் இது தெரிந்த வேலை. எலிவேஷனுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி இதற்குப் போதும். மிச்சத்தை வைத்து யாரும் எந்த நிறத்திலும் கிரானைட் ஒட்டிக்கொள்ளட்டும். சன்ஷேட், கார்னிஸ் போன்ற சிறு நீட்டல்களை மனையின் காலியிடத்துக்குள் அனுமதிப்பது கட்டட விதிகளில் வழக்கம்தான் என்பதால், இடம் போய்விடும் என்ற கவலையும் நிற்காது.

பாரம்பரிய ஆர்வலர்களிடமும் எனக்கு ஒரு குறை. பெங்களூர் பங்களா என்றால் அவர்கள் கேமரா ஜன்னலுக்கு மேலுள்ள ‘மங்கி டாப்’ மர வேலைப்பாட்டுக்குத்தான் போகிறது. அது அழகுதான். அதைப் பத்திரமாகக் கழற்றிப் புதிய உணவகத்தின் வாசலில் மாட்டிவிடவும் முடிகிறது. கல்பட்டையைக் கழற்றி மாட்ட முடியாது. அது சுவரோடு வாழ்ந்து சுவரோடு போகும். ஆகவே இடிப்பதற்கு முன் பதிவு செய்யப்பட வேண்டியவற்றில் அதற்குத்தான் அவசரம் அதிகம். எந்த உயரத்தில் ஓடியது, எவ்வளவு நீட்டல், காடி இருந்ததா, மூலையில் கற்கள் எப்படிக் கோக்கப்பட்டன என்று அளந்து வரைய ஒரு கட்டடத்துக்கு அரை நாள் போதும். கட்டடக் கலை மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

பெங்களூர் இப்போது ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்து புதிய நடைமுறைகளை வகுத்துக்கொண்டிருக்கிறது. கட்டட அனுமதி கேட்டு வரும் வரைபடத்தில் தளத்திட்டமும் முகப்பும் இருந்தால் போதும் என்று விட்டுவிடாமல், சுவரின் குறுக்கு வெட்டுத் தோற்றம் ஒன்றும் கேட்கலாம்: அடித்தளம் சாலையிலிருந்து எவ்வளவு உயரம், அதன் மேல்விளிம்பு நான்கு பக்கமும் நீட்டியிருக்கிறதா, தளத்துக்குத் தளம் சொட்டுக் காடி உண்டா என்று அதில் தெரிய வேண்டும். குடியேற்றச் சான்றிதழ் கொடுக்கப் போகும் பொறியாளர் ஒருமுறை கட்டடத்தைச் சுற்றி நடந்தால் சரிபார்த்துவிடலாம். ஆனால் வீட்டுக்காரரிடம் இதைக் கேட்கும் உரிமை மாநகராட்சிக்கு வர வேண்டுமானால், அது முதலில் தன் சாலைகளைச் சுரண்டிப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அனுமதி வாங்கும்போது இரண்டரை அடியாக இருந்த அடித்தளம் பத்து ஆண்டில் ஒன்றரை அடியாகிவிடும் தெருவில், பட்டை எங்கே ஓட வேண்டும் என்று யாருக்கும் விதி சொல்ல முடியாது.